முற்றமும் திரையும்: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் பணியிட வரலாறு

உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாள்வர். ஒன்று கூலி, மற்றொன்று வேலை நேரம். இவ்விரண்டும் இன்றியமையாதவையே. ஆயினும் மூன்றாவதாக ஒன்று உண்டு. உழைப்பு எந்த இடத்தில் நிகழ்கிறது, எவர் கண்முன் நிகழ்கிறது என்பதே அது. வயலில் குனிந்து நிற்பவருக்கு வரப்பில் நிற்பவரின் பார்வையும், பட்டறையில் உழைப்பவருக்கு மேற்பார்வையாளரின் பார்வையும் வேலையின் ஒரு பகுதியாகவே அமைந்துவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களைப் பொறுத்தவரை, இம்மூன்றாவது அளவுகோலே பல வேளைகளில் முதலாவதாக நின்றிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக அந்நாட்டின் அலுவலகங்கள் மூடப்பட்டன. கணினியும் தொலைபேசியும் கொண்டு செய்யத்தக்க பணிகள் யாவும் ஒரு சில வாரங்களில் வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. மீண்டும் முழுநேரமும் அலுவலகத்திற்கே திரும்ப விரும்புகிறீர்களா என்று பணியாளரிடம் கேட்டறிந்த ஃபியூச்சர் ஃபோரம் என்னும் ஆய்வு அமைப்பு, 2021இல் தன் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளையரில் 21 விழுக்காட்டினர் விரும்புவதாகக் கூறினர். கறுப்பினத்தவரில் அவ்வாறு கூறியோர் 3 விழுக்காட்டினர் மட்டுமே. பயணம் மிச்சம், நேரம் மிச்சம் என்னும் காரணங்களால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கிவிட இயலாது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி இரு சாராருக்கும் பொதுவானது. விட்டுவந்த அலுவலகம்தான் இரு சாராருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. அது எவ்வாறு வேறுபட்டிருந்தது, அவ்வேறுபாட்டின் வேர் எது என்பதை அறியச் சற்றேறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அட்லாண்டாவின் முற்றங்கள்

உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் தென்மாநில நகரங்களில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த கூலிவேலை ஏறத்தாழ ஒன்றே: வெள்ளையர் இல்லங்களின் ஊழியம். சமையல், குழந்தை வளர்ப்பு, துப்புரவு, சலவை என்னும் இவற்றுள் எதைத் தேர்வது என்பதே அவர்களுக்கு எஞ்சிய உரிமை. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் பெருந்தொகையினர் சலவையைத் தேர்ந்தனர். அத்தேர்வின் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சலவை எளிதான வேலையன்று. திங்களன்று அழுக்குத் துணிகளைப் பெற்று வருதல் வேண்டும். கிணற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் நீர் சுமந்து, காரம் காய்ச்சிச் சோப்புச் செய்து, பீப்பாயை இரண்டாக வெட்டிய தொட்டிகளில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, துவைத்து, கோதுமைத் தவிட்டில் கஞ்சி எடுத்துப் போட்டு, இரும்புப் பெட்டிகளை அடுப்பில் சூடாக்கித் தேய்த்து, சனியன்று மூட்டைகளைத் திருப்பித் தருதல் வேண்டும். இவ்வளவிற்கும் மாத வருவாய் 4 முதல் 8 டாலர் வரையே.

எனினும் அந்த வேலை அவர்களுடைய சொந்த வீட்டு முற்றத்தில் நடந்தது. எசமானியின் கண் அங்கே எட்டாது. துணி கொதிக்கும் வேளையில் குழந்தைக்கு உணவூட்டலாம். பக்கத்து வீட்டுப் பெண்களுடன் தொட்டிகளைச் சுற்றி அமர்ந்து ஊர்ச்செய்தியையும் கூலிச்செய்தியையும் பரிமாறிக்கொள்ளலாம். டெரா ஹன்டர் என்னும் வரலாற்றாசிரியர் 1997இல் வெளியிட்ட தம் நூலில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்கள் இப்பணியை விரும்பி ஏற்றதன் அடிப்படை இத்தன்னுரிமையே என்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

அம்முற்றங்களிலிருந்தே 1881ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இருபது சலவைப் பெண்கள் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பன்னிரண்டு பவுண்டு எடைத் துணிக்கு ஒரு டாலர் கூலி என்பது அவர்கள் கோரிக்கை. தேவாலயங்களிலும் வீடு வீடாகவும் சென்று ஆள் திரட்டினர். மூன்றே வாரங்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் திரண்டனர். காவல்துறை சிலரைக் கைது செய்தது, தண்டத்தொகை விதிக்கப்பட்டது. சலவைத் தொழில் செய்வோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்னும் தீர்மானத்தை நகர மன்றம் கையில் எடுத்தது. அப்பெண்கள் நகரத் தந்தைக்குக் கடிதம் எழுதினர். கட்டணத்தைச் செலுத்த அணியமாக இருக்கிறோம். ஆனால் நகரத்துச் சலவை முழுவதன் கட்டுப்பாடும் எங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு தலைமுறையினர், கூலி உயர்வோடு நில்லாமல், தொழிலின் விதிகளை வகுக்கும் உரிமையையும் கேட்டனர். நகர மன்றம் இறுதியில் அவ்வுரிமக் கட்டணத்தைக் கைவிட்டது.

பின்கட்டும் பையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாநிலங்களிலிருந்து வடபுல நகரங்களை நோக்கிக் கறுப்பின மக்களின் பெரும் இடப்பெயர்வு தொடங்கிற்று. வாஷிங்டன், நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களுக்கு வந்த இளம்பெண்களை எதிர்கொண்டதும் வீட்டு ஊழியமே. அங்கே நிலவிய வழக்கம் எசமானர் இல்லத்திலேயே தங்கி வேலை செய்வது. பின்கட்டிலோ மேல்மாடத்திலோ ஒரு சிற்றறை. எந்நேரமும் அழைப்பு மணி. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சில மணிநேர ஓய்வு. உறங்கும் நேரமும் பார்வைக்கு உட்பட்டதாகவே இருந்தது.

இப்பெண்கள் முதலில் வென்றெடுத்தது, வேலை முடிந்ததும் வீடு திரும்பும் உரிமையை. தங்கு ஊழியத்தை விட்டு நாள்வேலைக்கு மாறினர். எசமானர் தரும் சீருடையை மறுத்து, வேலைக்குரிய உடைகளைத் தாமே ஒரு பையில் எடுத்துச் சென்றனர். வாஷிங்டன் நகரத்து முதிய பணிப்பெண்களை நேர்கண்டு அவர்தம் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்த எலிசபெத் கிளார்க்-லூயிஸ், அப்பைகளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘விடுதலைப் பைகள்’ என்று பதிவு செய்துள்ளார். மாலையில் தம் வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக இருந்தது அப்பை.

ஆயினும் நாள்வேலை பாதுகாப்பற்றது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் காலையில் வரிசையாக நிற்பர். வீட்டுக்காரிகள் வந்து பேரம் பேசி மணிக்கணக்கில் கூலிக்கு அழைத்துச் செல்வர். எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் 1935ஆம் ஆண்டு நவம்பரில் ‘கிரைசிஸ்’ இதழில் இதனை அடிமைச் சந்தை என்றே பெயரிட்டு எழுதினர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1938இல் குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்த தொழிலாளர் சட்டமும் வீட்டு ஊழியரை விலக்கிவைத்தன. 1940இல் வேலையிலிருந்த கறுப்பினப் பெண்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வீட்டு ஊழியரே. ஆதலின் அவ்விலக்கு யாரை நோக்கியது என்பது சொல்லாமலே விளங்கும். குறைந்தபட்சக் கூலி அவர்களைச் சென்றடைய 1974 வரை காத்திருக்க நேர்ந்தது.

அலுவலகத்துக்குள் தடுப்புத் திரை

அலுவலகத்தின் கதவு இக்காலத்தில் முற்றிலும் மூடியிருக்கவில்லை. தலைநகரின் மைய அரசு அலுவலகங்களில், தேர்வெழுதி வேலை பெற்ற கறுப்பின எழுத்தர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தனர். 1913இல் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானபின் அந்த அலுவலகங்களுக்குள் நிறப் பாகுபாடு முறையாகப் புகுத்தப்பட்டது. கருவூலத்திலும் அஞ்சல் துறையிலும் மேசைகளுக்கிடையே தடுப்புத் திரைகள் எழுந்தன. உணவு மேசைகளும் கழிவறைகளும் தனித்தனியாயின. வேலையின் தன்மையால் பிரித்து அமர்த்த இயலாத ஓர் எழுத்தரைச் சுற்றிக் கூண்டு போன்ற அடைப்பே கட்டப்பட்டதை டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அவ்வாண்டே வில்சனுக்கு எழுதிய திறந்த மடலில் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு முதல் அரசு வேலைக்கு விண்ணப்பிப்போர் நிழற்படம் இணைக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவ்விதி 1940இல்தான் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் இத்தடையைச் சற்றுத் தளர்த்தியது. தலைநகரை நோக்கிப் பெரும் அணிவகுப்பு நடத்துவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப் எச்சரித்ததன் விளைவாக, குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் 1941இல் போர்த்தொழில்களில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தார். அதன் பயனாக வர்ஜீனியாவின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் 1943 முதல் கறுப்பினப் பெண் கணிதவியலார் பணியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு ‘மேற்குப் பகுதிக் கணக்கீடு’ என்னும் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. பள்ளி ஆசிரியையாக இருந்து அங்குச் சேர்ந்த டோரதி வான் 1949இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். உணவுக்கூடத்தில் அவர்களுக்கென ஒதுக்கிய மேசைமீது, நிறத்தவர்க்குரியது என்று எழுதிய பலகை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மிரியம் மான் என்பவர் அதனை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புதிய பலகை வந்தது, அதனையும் எடுத்தார். பல முறை இவ்வாறு நிகழ்ந்தபின் பலகை வைப்போர் சலித்து விட்டுவிட்டனர்.

1958இல் அந்நிறுவனம் நாசாவாக மாறியபோது தனிப் பிரிவு கலைக்கப்பட்டு, எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். மேரி ஜாக்சன் அவ்வாண்டே அங்குப் பொறியாளரானார். ஆனால் டோரதி வானோ, பிரிவு கலைந்தபின் ஃபோர்டிரான் கணினி மொழியைக் கற்றுத் தேர்ந்தும், மீண்டும் ஒரு மேலாண்மைப் பொறுப்பைப் பெறவே இல்லை. தனி அறையில் தலைவியாக இருந்தவர் பொதுக் கூடத்தில் பலருள் ஒருவரானார். பாகுபாட்டின் சுவரை இடித்தல் நீதியே. ஆனால் இடித்தபின் உயர் இருக்கைகளை யார் பங்கிடுவது என்னும் வினாவிற்கு அதில் விடை இல்லை. இவ்வினா பின்னரும் பல வடிவங்களில் திரும்பி வருதலைக் காணலாம்.

சட்டம் திறந்த கதவு

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அதன் ஏழாம் பிரிவின் வழியாக, நிறம், இனம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கியது. மறு ஆண்டு ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. விளைவு விரைவில் புலனாயிற்று. வீட்டு ஊழியத்திலிருந்த கறுப்பினப் பெண்களின் விகிதம் 1980 வாக்கில் பத்தில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது; எழுத்தர் பணி அவர்களுடைய மிகப் பெரிய பணித்துறைகளுள் ஒன்றாயிற்று. ஒரே தலைமுறையில், தாய் பிறர் வீட்டுச் சமையலறையிலும் மகள் காப்பீட்டு நிறுவனத்தின் தட்டச்சு மேசையிலும் அமர்ந்த காட்சியை நாடு கண்டது.

கதவு திறந்த காலத்தையும் கருதுதல் வேண்டும். தொலைபேசித் துறையை ஏகபோகமாக ஆண்ட ஏ.டி. அண்டு டி. நிறுவனம்மீது அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் 1970இல் நடவடிக்கை தொடங்கியது. 1973இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அந்நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் நிலுவைக் கூலியைப் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வழங்க ஒப்பியது. ஆயின், கறுப்பினப் பெண்கள் இணைப்பாளர் மேசைகளில் பெருந்தொகையாக அமர்ந்த அதே ஆண்டுகளில், நேரடியாக எண் சுழற்றும் முறை பரவி அம்மேசைகளின் எண்ணிக்கை சுருங்கி வந்தது.

சட்டத்தின் கண்ணிலேயே ஒரு குருட்டுப் பகுதி இருந்தமை 1976இல் வெளிப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் ஆலை 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. எழுபதுகளில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் வந்தவர் முதலில் செல்க என்னும் பணிமூப்பு விதிப்படி அவர்களே வெளியேற்றப்பட்டனர். எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றமோ, நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆதலின் பால் பாகுபாடு இல்லை என்றது. அப்பெண்கள் வெள்ளையர். நிறப் பாகுபாட்டைப் பொறுத்தமட்டில் வேறொரு வழக்கோடு இணைந்து கொள்க என்றது. அது கறுப்பின ஆண்கள் முன்னின்ற வழக்கு. இரண்டையும் கூட்டித் தனியொரு குறையாக முறையிட இடமில்லை என்று முடித்தது. பெண் என்னும் கணக்கில் வெள்ளைப் பெண்ணும், கறுப்பினத்தவர் என்னும் கணக்கில் கறுப்பின ஆணும் எண்ணப்பட, கறுப்பினப் பெண் இரு கணக்கிலும் விடுபட்டாள். இத்தீர்ப்பை ஆராய்ந்தே சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல், ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்தியைச் சுட்டும் தம் புகழ்பெற்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார்.

இன்னொரு செய்தியும் இங்கு நினைவுகூரத்தக்கது. பணியிடத்தில் பாலியல் தொல்லை தருவது சட்டப்படி பாகுபாடே என்னும் கோட்பாட்டை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1986இல் ஏற்றது, மெஷெல் வின்சன் என்னும் கறுப்பின வங்கிப் பணியாளர் தொடுத்த வழக்கில்தான். எல்லா இனப் பெண்களும் இன்று நிற்கும் அந்நிழல், கணக்கில் விடுபட்டவளாய் இருந்த ஒருத்தி நட்ட மரத்தினுடையது.

கூந்தலும் பெயரும்

அலுவலகத்துக்குள் நுழைந்தபின் தொடங்கியது வேறு வகைக் கண்காணிப்பு. தலைமயிரை எவ்வாறு முடிப்பது, எந்தக் குரலில் பேசுவது, எவ்வளவு சிரிப்பது, எந்த அளவோடு சினத்தை விழுங்குவது என்பன எழுதாத விதிகளாயின. அவற்றுள் சில எழுதப்பட்டும் இருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் விமான நிலையப் பணியாளர் ரெனே ராஜர்ஸ், தலை முழுவதும் நெருக்கமாகப் பின்னிய தம் சடைகளுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து வழக்காடினார். 1981இல் நியூயார்க் நீதிமன்றம் அத்தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னல் பிறவியில் வருவதன்று, மாற்றிக்கொள்ளத்தக்கது என்பது அதன் வாதம். அதற்கு முன் வெளியான ஒரு திரைப்படத்தில் வெள்ளை நடிகை ஒருவர் அவ்வாறு பின்னியிருந்ததும் தீர்ப்பில் இடம்பெற்றது. மரபுரிமை திரைப்பட அலங்காரமாகக் கருதப்பட்டது.

2010இல் அலபாமா மாநிலத்து மொபைல் நகரில், சடைத்திரி முடியுடன் வந்த ஒரு பெண்ணுக்கு அளித்த வேலையை ஒரு காப்பீட்டுச் சேவை நிறுவனம் திரும்பப் பெற்றது. அந்த வேலையோ தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிப்பது. அழைப்பவர் எவரும் அவள் கூந்தலைக் காணப்போவதில்லை. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. கூந்தல் வடிவத்தைக் காட்டி வேலை மறுத்தலைத் தடைசெய்யும் ‘கிரவுன்’ சட்டத்தைக் கலிபோர்னியா 2019இல் முதன்முதலாக நிறைவேற்றியது. அதனைப் பின்பற்றி 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான மசோதாவோ 2022இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையைக் கடக்கவில்லை.

முகம் காட்டுவதற்கு முன்பே பெயர் காட்டிக்கொடுத்தது. மரியன் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளியான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்கள் ஏறத்தாழ ஐயாயிரத்தை அனுப்பினர். தகுதிகள் ஒத்தவை, பெயர்கள் மட்டும் வேறு. எமிலி என்பன போன்ற பெயர்களுக்கு, லக்கிஷா என்பன போன்ற பெயர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. 2004இல் வெளியான இவ்வாய்வின் ஆசிரியருள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது இங்கு ஒரு குறிப்பு.

இத்தனைக்கும் மேலே ஏறியோரும் இருந்தனர். 1980இல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கோடைப் பயிற்சியாளராக நுழைந்த அர்சுலா பர்ன்ஸ், 2009இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார். ஃபார்ச்சூன் 500 பட்டியல் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அவர் 2016 இறுதியில் அப்பொறுப்பை விட்டபின், 2021இல் ரோசலிண்ட் பிரூவர் வால்கிரீன்ஸ் நிறுவனத்திற்குப் பொறுப்பேற்கும் வரை, இடைக்காலப் பொறுப்பில் இருந்த ஒருவர் நீங்கலாக, அப்பட்டியலில் அத்தகைய தலைமை வேறு இல்லை. உச்சியில் மட்டுமன்று, முதற்படியிலேயே இடறல் இருந்தது. முதல்நிலை மேலாளராக 100 ஆண்கள் உயர்த்தப்பட்டால் கறுப்பினப் பெண்கள் 58 பேரே உயர்த்தப்படுகின்றனர் என்று மெக்கின்சி, லீன் இன் ஆகிய அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. வெள்ளைப் பெண்களின் தடையைக் கண்ணாடிக் கூரை என்பர். கறுப்பினப் பெண்களின் தடையை ஆய்வாளர் கான்கிரீட் என்றனர். கண்ணாடியின் வழியே மேலே இருப்பதையாவது காணலாம். கான்கிரீட்டில் அதுவும் இயலாது.

வீட்டுக்கு வந்த அலுவலகம்

அலுவலகம் செல்லாமலே பணிபுரிதல் என்னும் கருத்து பெருந்தொற்றோடு பிறந்ததன்று. பயண நெரிசலையும் எரிபொருள் செலவையும் குறைக்கும் வழியாக ஜாக் நில்லெஸ் என்பவர் 1973இலேயே அதற்குப் பெயர் சூட்டி ஆராய்ந்தார். ஆனால் அரை நூற்றாண்டுக்கு அது சிலருக்குரிய சலுகையாகவே இருந்தது. 2020இல்தான் பலருக்கும் உரியதாயிற்று.

பலருக்கு என்று கூறலாமேயன்றி எல்லாருக்கும் என்று கூறலாகாது. பெருந்தொற்றுக்குச் சற்று முன் தொகுக்கப்பட்ட அரசுப் புள்ளிவிவரப்படி, வீட்டிலிருந்து வேலை செய்ய வாய்ப்புள்ளோர் வெள்ளையரில் 29.9 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 19.7 விழுக்காடு. மருத்துவமனை உதவியாளராகவும், முதியோர் இல்லப் பணியாளராகவும், கடைகளில் காசாளராகவும் இருந்த எண்ணற்ற கறுப்பினப் பெண்கள் நோயின் முன் நேரில் நின்றனர். திரைக்குப் பின் அமரும் வாய்ப்பு, அலுவலகம் வரை வந்துவிட்ட சிறுபகுதியினருக்கே கிட்டியது.

அச்சிறுபகுதியினர் பெற்ற ஆறுதல் மெய்யானது. காலையில் கூந்தலை நேராக்கும் சடங்கு குறைந்தது. மின்தூக்கியில் நிற்கும்போது துப்புரவுப் பணியாளரோ என்று கேட்பார் இல்லை. கேட்காமலே தலைமயிரைத் தொட்டுப் பார்க்கும் கைகள் இல்லை. கூட்டத்தில் ஒருத்தி சொன்ன கருத்தை இன்னொருவர் தமதாக்கினால், எழுத்தில் பதிவு இருந்தது. எட்டு மணிநேரமும் முகபாவத்தை அளந்து வைத்திருக்கும் உழைப்பு, எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறாத அவ்வுழைப்பு, ஓரளவு குறைந்தது. அட்லாண்டாவின் சலவைப் பெண்கள் நீர் சுமந்தாவது பெற விரும்பியதும், வாஷிங்டனின் பணிப்பெண்கள் பையில் வைத்துச் சுமந்ததும் இதுவே: பிறர் பார்வையிலிருந்து சில மணிநேர விலக்கு.

ஆயினும் இவ்வாறுதலின் மறுபக்கம் கசப்பானது. பதவி உயர்வு பெரும்பாலும் தகுதிப் பட்டியலால் மட்டும் முடிவாவதில்லை. உணவு வேளையிலும் நடைக்கூடத்திலும் வளரும் அறிமுகத்தால் முடிவாகிறது. நேரில் இருந்தபோதே எண்ணப்படாதவர் தொலைவில் இருக்கும்போது எளிதில் மறக்கப்படுவர். விசைப்பலகையின் தட்டல்களையும் திரையின் காட்சிகளையும் எண்ணிப் பதியும் மென்பொருள்கள் பெருகியதால், எசமானியின் கண் இல்லத்துள்ளும் நுழைய வழி கண்டது. படக்கருவியை எப்போதும் திறந்துவைக்கவேண்டும் என்னும் கட்டளை எழுந்த இடங்களில், வீட்டுச் சுவரும் குழந்தையின் அழுகையும் கூந்தலும் மீண்டும் மதிப்பீட்டுக்கு உள்ளாயின. யாவற்றினும் மேலாக, அலுவலகம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருந்தது. அவள்தான் அங்கிருந்து அகன்றாள், அது திருந்தவில்லை.

ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே 25 அன்று காவலரால் கொல்லப்பட்டபின், பெருநிறுவனங்கள் பல பன்மைத்துவ உறுதிமொழிகளை வெளியிட்டன. அதற்கெனத் தனி அலுவலர்களை அமர்த்தின. அவ்வலை நீடிக்கவில்லை. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தடைசெய்தபின் நிறுவனங்கள் பின்வாங்கத் தொடங்கின. 2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் டிரம்ப் பொறுப்பேற்ற முதல் நாளிலேயே மைய அரசின் பன்மைத்துவத் திட்டங்களை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையையும், மைய அரசு ஊழியர் முழுநேரமும் அலுவலகம் திரும்பவேண்டும் என்னும் ஆணையையும் பிறப்பித்தார். மைய அரசு ஊழியருள் கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர். நாட்டின் மொத்த உழைப்பாளருள் அவர்தம் பங்கைப்போல் இது ஏறத்தாழ இருமடங்கு. வில்சன் காலத்துத் திரைகளைத் தாண்டி மூன்று நான்கு தலைமுறைகள் கட்டியெழுப்பிய நடுத்தர வாழ்வு அவ்வலுவலகங்களையே ஊன்றி நின்றது. ஆட்குறைப்பும் தொடர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஐந்தரை விழுக்காட்டுக்கு உட்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின் வேலையின்மை, ஆண்டின் நடுப்பகுதியில் ஆறு விழுக்காட்டைக் கடந்தது.

வரலாறு காட்டுவது

இந்நெடிய வரலாற்றில் வேலையிடம் நான்கு முறை மாறியது: சொந்த முற்றம், பிறர் பின்கட்டு, திரையிட்ட அலுவலகம், மீண்டும் வீடு. ஒவ்வொரு மாற்றத்திலும் கறுப்பினப் பெண்கள் நாடியது ஒன்றே. வேலையை அவர்கள் ஒருபோதும் தவிர்க்க விழைந்ததில்லை. வேலையோடு சேர்த்துத் திணிக்கப்பட்ட பார்வையையே தவிர்க்க விழைந்தனர். அலுவலகம் திரும்ப விரும்பாதோரைச் சோம்பலர் என்றும் கூட்டுணர்வு அற்றவர் என்றும் தூற்றுவோர் இவ்வரலாற்றை அறியாதவர். அந்த 3 விழுக்காடு என்னும் எண், அலுவலகத்தைப் பற்றி அங்கு வாழ்ந்தவர் அளித்த சான்று. அதனை அலுவலகத்தின் மீதான தீர்ப்பாகக் கொள்வதே முறை.

எனினும் 1881இன் முற்றத்திற்கும் 2020இன் திரைக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. முற்றம் தனியிடம் அன்று. அது பல வீடுகளின் பெண்கள் கூடிய இடம். கூலி எவ்வளவு, எந்த வீட்டார் ஏமாற்றுகின்றனர், எப்போது வேலையை நிறுத்துவது என்பன யாவும் அங்கே பேசப்பட்டன. அதனால்தான் இருபது பேர் மூன்று வாரத்தில் மூவாயிரம் பேராயினர். கணினித் திரையின் முன் அமர்ந்தவளுக்கு எசமானரின் பார்வையிலிருந்து விலக்குக் கிடைத்தது. தன்னையொத்தவரின் துணையிலிருந்தும் அவள் விலகியே இருந்தாள். அலுவலகம் திரும்புக என்னும் ஆணை வந்தபோது ஒவ்வொருத்தியும் அதனைத் தனித்தனியே தன் திரையில் படித்தாள். ஏற்பதா, விலகுவதா என்பதைத் தனித்தனியே முடிவு செய்யவேண்டியவளானாள்.

பார்வைக்கு எட்டாதிருத்தல் ஒரு புகலிடம். ஆனால் புகலிடத்தை அளித்தவரே அதனை ஒரு சுற்றறிக்கையால் திரும்பப் பெறவும் கூடும். அட்லாண்டாவின் சலவைப் பெண்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். முற்றம் தம்முடையதாக இருந்தபோதும் அது போதும் என்று அவர்கள் அமையவில்லை. 25 டாலரை இழக்கவும் ஒப்பி, தொழிலின் கட்டுப்பாட்டைத் தம் கையில் தருமாறு நகரத் தந்தைக்கு எழுதினர். எங்கே வேலை செய்வது என்பதை முடிவு செய்யும் அவையில் இடம் கேட்ட அக்கடிதத்திற்கு, அந்நாட்டின் அலுவலகங்கள் இன்னும் முழுமையான விடையை எழுதவில்லை.